வீடியோ கேமும் கணினிப் பாதுகாப்பும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் கணக்கு எழுதும் வேலை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பழைய வீடியோ கேம்களின் நிரலைப் பிரித்துப் பார்ப்பேன். இதற்கும் கணினிப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்களும் சொந்தக்காரர்களும் அவர்களின் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விளையாட்டுக்கும் கணினிப் பாதுகாப்புக்கும் அப்படி என்ன சம்பந்தம்?

ஒரு விளையாட்டைக் குழந்தையிடம் கொடுத்துப் பாருங்கள். நேராக இலக்கை நோக்கிப் போகாது. சுவரில் முட்டிப் பார்க்கும், மூலையில் குதித்துப் பார்க்கும், எல்லா பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தும். விளையாட்டை எழுதியவர் "இங்கே யாரும் வரமாட்டார்கள்" என்று நினைத்த இடம் எதுவோ, அங்கேதான் போய் நிற்கும். பாதுகாப்பு ஆராய்ச்சியாளரும் இதைத்தான் செய்கிறார். இந்த நிரல் எதைச் சரிபார்க்காமல் நம்புகிறது என்று தேடுகிறார்.

பேக்-மேன் நல்ல உதாரணம். 1980-இல் வந்த விளையாட்டு. முடிவே இல்லாமல் ஆடலாம் என்று நினைத்துத்தான் எழுதினார்கள். ஆனால் எத்தனையாவது கட்டம் என்ற எண்ணை ஒரே ஒரு பைட்டில் வைத்தார்கள். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குவதால் 256-ஆவது கட்டத்தில் அந்த எண் 255. அப்போது, திரையின் அடியில் பழங்களை வரையும் பகுதி அந்த எண்ணோடு 1 கூட்டுகிறது. 255 + 1 என்பது அந்த பைட்டுக்கு 0. அதிகபட்சம் ஏழு பழம் வரைய வேண்டிய நிரல், ஒவ்வொன்றை வரைந்ததும் 1 கழித்து 0 வரும்வரை போவதால் 256 பழங்களை வரையத் தொடங்கி, திரையின் வலது பாதி முழுவதும் எழுத்துக் குப்பையாகிவிடும்.

டாங்கி காங் விளையாட்டிலும் இதே கோளாறு உண்டு. 22-ஆவது லெவலில் நேரக் கணக்கு 260 என்று வர வேண்டும். பைட்டில் அடங்காமல் 4 என்று வருகிறது. சில நொடிகளிலேயே நேரம் முடிந்து ஆட்டக்காரர் செத்துப் போகிறார், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும். இன்று உலாவிகளிலும் போன்களிலும் கண்டுபிடிக்கப்படும் பல ஓட்டைகளுக்கு மூலம் இதே கூட்டல் கணக்குதான்.

உங்களுக்கு இந்த ஆர்வம் எப்படி வந்தது?

பிரவுசிங் சென்டரில். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வைஸ் சிட்டி ஆடிய தலைமுறை நான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சீட் கோடுகளை எழுதி வைத்திருப்போம். "பான்சர்" என்று டைப் செய்தால் பீரங்கி வண்டி வந்து விழும். அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மட்டும் எனக்குப் போகவே இல்லை.

பிறகு வீட்டுக்குக் கணினி வந்தது. ஆட்டம் எதுவரை வந்தது என்று குறித்து வைக்கும் சேவ் ஃபைலைத் திறந்து, பணம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, எண்ணை மாற்றினேன். விளையாட்டு அந்த ஃபைலை ஏற்கவே இல்லை. பல நாள் மண்டையைக் குடைந்தபின் தெரிந்தது: ஃபைலின் கடைசி 4 பைட்டில் மற்ற எல்லா பைட்டுகளின் கூட்டுத்தொகை இருக்கிறது. நான் நடுவில் ஒரு எண்ணை மாற்றிவிட்டுக் கூட்டுத்தொகையை மாற்றாமல் விட்டிருக்கிறேன். பேரேட்டின் அடியில் எழுதும் மொத்தம் மாதிரியே! மொத்தத்தையும் திருத்தினேன், ஃபைல் திறந்தது.

அன்றைக்குப் புரிந்த ஒன்றை இன்றுவரை மறக்கவில்லை. கூட்டுத்தொகை கைத்தவறுதலைக் கண்டுபிடிக்கும், வேண்டுமென்றே மாற்றுகிறவனைத் தடுக்காது. மாற்றுகிறவனுக்கும் கூட்டத் தெரியும் அல்லவா? அவனைத் தடுக்க, அவனிடம் இல்லாத ஒரு ரகசியம் வேண்டும். அப்படி ஒரு ரகசியத்தை வைத்துப் போடும் டிஜிட்டல் கையெழுத்து என்ற விஷயமே அங்கேதான் தொடங்குகிறது.

விளையாட்டில் உள்ள ஒரு சின்னப் பிழை வழியாக முழு கன்சோலையும் (விளையாடும் இயந்திரத்தையே) கைக்குள் கொண்டுவரலாம் என்கிறார்களே, அது எப்படி முடியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கணினியின் மெமரியில் எல்லாமே எண்கள்தான். உங்கள் பெயரும் எண், எதிரியின் உயிரும் எண், "அடுத்து இதைச் செய்" என்ற கட்டளையும் எண். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது அதை எந்த இடத்திலிருந்து எடுத்துப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இடம் மாறினால் அர்த்தமும் மாறிவிடும்.

முதல் போக்கிமான் விளையாட்டுகளில் ஒரு முதியவர் வருவார், போக்கிமானைப் பிடிப்பது எப்படி என்று காட்டிக்கொடுப்பார். அந்த நேரத்தில் திரையில் அவர் பெயர் தெரிய வேண்டும். அதனால் ஆட்டக்காரரின் பெயரைத் தற்காலிகமாக வேறோர் இடத்தில் தூக்கி வைக்கிறது நிரல். எந்த இடத்தில்? காட்டுப் போக்கிமான்களின் பட்டியல் இருக்கும் இடத்தில். சாதாரணமாக அடுத்த புல்வெளிக்குப் போனதும் அந்தப் பட்டியல் புதிதாக எழுதப்பட்டுவிடும். ஆனால் விளையாட்டில் வரும் சின்னபார் தீவின் கிழக்குக் கரையில் ஒரு துண்டுக் கடல் இருக்கிறது. அங்கே பட்டியல் புதுப்பிக்கப்படாது, ஆனால் போக்கிமான் மட்டும் வரும். முதியவரைப் பார்த்துவிட்டு நேராக அங்கே போய் நீந்தினால், உங்கள் பெயரின் எழுத்துகளையே போக்கிமான்களாக எடுத்துப் படிக்கிறது விளையாட்டு. மிஸ்ஸிங்நோ என்ற அந்த உருக்குலைந்த உருவம் வந்தது அப்படித்தான். அதைச் சந்தித்தால் பையில் ஆறாவது இடத்தில் இருக்கும் பொருள் 128 கூடிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இணையமே சரியாக இல்லாத காலத்தில் இதைக் கண்டுபிடித்துப் பரப்பினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது.

இதற்கு அடுத்த படி, தரவை நிரலாகவே ஓட வைப்பது. 2008-இல் நின்டெண்டோ வீ கன்சோலுக்கு அப்படித்தான் வழி திறந்தது. ஒரு செல்டா விளையாட்டில் நாயகனின் குதிரைக்குப் பெயர் வைக்கலாம். பெயர் இவ்வளவு எழுத்துக்குள் இருக்கும் என்று நம்பி ஒரு சின்ன இடத்தை ஒதுக்கியிருந்தார்கள். திரையில் தட்டச்சு செய்யும்போது நீளம் சரிபார்க்கப்படும். சேவ் ஃபைலிலிருந்து படிக்கும்போது சரிபார்க்கவில்லை. மிக நீளமான குதிரைப் பெயரோடு ஒரு சேவ் ஃபைலைத் தயாரித்து உள்ளே கொடுத்தார்கள். பெயர் தன் இடத்தைத் தாண்டி வழிந்து, "வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்" என்ற முகவரியின் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு கன்சோல் குதிரையின் பெயர் சொன்ன இடத்துக்குப் போனது. பஃபர் ஓவர்ஃப்ளோ என்று பாடப்புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும். குதிரையை வைத்துச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது, நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

2016-இல் சேத்பிளிங் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். கன்சோலில் எந்த மாற்றமும் செய்யாமல், கையில் கன்ட்ரோலரை மட்டும் வைத்துக்கொண்டு சூப்பர் மாரியோ வேர்ல்டு ஆடினார். மாரியோ திரையில் எந்தப் புள்ளியில் நிற்கிறார் என்பதும் மெமரியில் ஓர் எண்தானே? சரியான புள்ளிகளில் மாரியோவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு பைட்டாக 300-க்கும் மேல் எழுதி, கடைசியில் அந்தக் கன்சோலிலேயே ஃப்ளாப்பி பேர்டு விளையாட்டை ஓட வைத்தார்.

கையெழுத்து என்றீர்களே, அதுவும் உடைந்ததுண்டா?

உண்டு. பிளேஸ்டேஷன் 3-இல் ஒவ்வொரு நிரலுக்கும் சோனியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், அது இல்லாமல் எதுவும் ஓடாது. அந்த முறையில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் புதிதாக, யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணை எடுத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். சோனி எல்லாக் கையெழுத்துக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தது. 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு இதை மேடையில் விளக்கியது.

ஏன் இது இவ்வளவு பெரிய தவறு? ஒரு கையெழுத்து என்பது ஒரு சமன்பாடு. அதில் தெரியாதவை இரண்டு: ரகசியச் சாவி ஒன்று, அந்தப் புதிய எண் இன்னொன்று. ஒரு சமன்பாட்டை வைத்து இரண்டையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இரண்டு கையெழுத்திலும் அதே எண் இருந்தால், இரண்டு சமன்பாடு, இரண்டே தெரியாதவை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சாவி கையில். ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா.

சாதாரண மக்களைப் பாதித்த ஓட்டை ஏதாவது விளையாட்டிலிருந்து வெளியே தெரிந்திருக்கிறதா?

லாக்ஃபார்ஜே என்ற மென்பொருளில் 2021 டிசம்பரில் வெடித்த லாக்ஃபார்ஷெல் என்ற ஓட்டை. லாக்ஃபார்ஜே என்பது ஜாவா மொழியில் எழுதிய நிரல்கள் நடந்ததை எல்லாம் குறித்து வைக்கப் பயன்படுத்தும் ஒரு சிறு மென்பொருள். விற்பனை நிறுவனங்கள், அரசு அலுவலகங்கள், மேகக் கணினிச் சேவைகள் என்று எங்கும் இருந்தது. குறித்து வைக்கச் சொன்ன வாக்கியத்தில் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி இருந்தால், அதை எழுதி வைப்பதோடு நிற்காமல் அந்த முகவரிக்குப் போய் அங்கிருக்கும் நிரலை எடுத்து வந்து ஓட்டியது. ஆபத்து அளவுகோலில் 10-க்கு 10 கிடைத்தது.

பொதுவெளியில் முதலில் இது பரபரப்பாகத் தெரிந்த இடங்களில் ஒன்று மைன்கிராஃப்ட் விளையாட்டு. அரட்டைப் பெட்டியில் யாரோ ஒரு வரி எழுதினால் போதும், சர்வரே அவர் கைக்குப் போய்விடும். பிள்ளைகள் பேசும் பெட்டியில் வந்த ஒரு வரியையும் வங்கியின் சர்வரையும் ஒரே ஓட்டை இணைத்தது. விளையாட்டு தானே என்று யாராவது சொன்னால் நான் காட்டும் உதாரணம் இதுதான்.

ஆன்லைன் விளையாட்டில் சுவருக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டும் ஹேக் எப்படி வேலை செய்கிறது? நீங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்களா?

பயன்படுத்தியதில்லை, பயன்படுத்தவும் மாட்டேன். எதிரில் ஆடுவதும் ஒரு மனிதர். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு அரை மணி நேரம் ஆட வந்தவரின் நேரத்தைத் திருடுவது அது.

எப்படி வேலை செய்கிறது என்றால், சர்வர் எல்லா ஆட்டக்காரர்களும் இருக்கும் இடத்தை உங்கள் கணினிக்கு அனுப்புகிறது. "சுவர் மறைக்கிறது, வரையாதே" என்ற முடிவை உங்கள் கணினி எடுக்கிறது. உங்கள் கணினி உங்கள் கையில் இருக்கிறது, அதை எப்படியும் ஏமாற்றலாம். எனவே சரியான தீர்வு, தெரிய வேண்டிய நேரம் வரும்வரை இடத்தையே அனுப்பாமல் இருப்பது. வாலரன்ட் விளையாட்டை உருவாக்கியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். வங்கிச் செயலிக்கும் இதே விதி: இருப்புத் தொகையை போன் முடிவு செய்யக் கூடாது, சர்வர் முடிவு செய்ய வேண்டும்.

ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் மென்பொருளைக் கணினியில் ஏற்றலாமா?

யோசித்து ஏற்றுங்கள். இந்த மென்பொருள்களில் பல, இயங்குதளத்தின் கருவறை (கெர்னல்) வரை போய் உட்காருகின்றன. ஏமாற்று நிரல்களும் அங்கேயே போய் ஒளிவதால் வேறு வழி இல்லை என்பது தயாரிப்பாளர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் கருவறைச் சாவியை எத்தனை பேரிடம் கொடுப்பது? 2022-இல் ஒரு நிகழ்வு வெளியே வந்தது. கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டோடு வந்த அத்தகைய டிரைவர் (கருவறைக்குள் ஓடும் துணை நிரல்) ஒன்றை, பணயத் தொகை கேட்டு மிரட்டும் கும்பல் எடுத்துக்கொண்டது. அந்த விளையாட்டே இல்லாத கணினியில் டிரைவரை மட்டும் கொண்டுபோய் வைத்து, அதன் அதிகாரத்தைக் கொண்டு ஆன்டிவைரஸை நிறுத்தியது. முறையான கையெழுத்துள்ள டிரைவர் என்பதால் விண்டோஸும் உள்ளே விட்டது.

விளையாட ஒரு கணினி, வங்கிக் கணக்குப் பார்க்க வேறொரு கணினி அல்லது போன் என்று பிரித்து வைத்திருக்கிறேன். முடிந்தவர்கள் அப்படிச் செய்யுங்கள்.

இதெல்லாம் சட்டப்படி சரியா?

உங்கள் கணினியில், காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை, இணையத்தோடு இணைக்காமல், ஆராய்ந்து கற்றுக்கொள்வது வேறு. அடுத்தவர் சர்வரில் அனுமதி இல்லாமல் கை வைப்பது வேறு. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்படி, நேர்மையற்ற நோக்கத்தோடு அப்படிச் செய்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது.

பதிப்புரிமைப் பூட்டை உடைப்பதைப் பற்றி இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதைத்தான் அது தண்டிக்கிறது. முறையாகப் பெற்ற பிரதியை வைத்துக் குறியாக்க ஆராய்ச்சி செய்வதற்கும், உரிமையாளரின் அனுமதியோடு பாதுகாப்பைச் சோதிப்பதற்கும் விலக்கு உண்டு. நான் வக்கீல் இல்லை. சந்தேகம் இருந்தால் செய்யாதீர்கள், அதுதான் என் வழக்கம்.

அண்ணா, என்கிட்ட பழைய லேப்டாப்தான் இருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

தம்பி, பழைய லேப்டாப் போதும்.

முதலில் சீட் எஞ்சின், மெமரியில் எண்களைத் தேடி மாற்றும் நிரல். தனியாக ஆடும் விளையாட்டுக்கு மட்டும். உயிர் 100 என்று இருந்தால் மெமரியில் 100-ஐத் தேடு, ஆயிரக்கணக்கில் வரும். ஓர் அடி வாங்கு, 93 ஆனதும் அந்த ஆயிரத்துக்குள் 93-ஐத் தேடு. நாலைந்து தடவையில் ஒரே இடம் மிஞ்சும். மறுநாள் திறந்தால் அந்த இடம் மாறியிருக்கும், ஏன் மாறியது என்று தேடப் போனால் பாயின்டர் (இன்னோர் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் எண்) என்றால் என்ன என்பது தானாகப் புரியும். அதோடு வரும் பயிற்சி நிரலையே முதலில் முடி. நிறுவும்போது வேறு மென்பொருளையும் சேர்த்து ஏற்றட்டுமா என்று கேட்கும், மறுத்துவிடு. ஆன்லைன் விளையாட்டைத் திறக்கும்போது இதை மூடிவிடு, இல்லாவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

அப்புறம் ஓவர்தவயர் தளத்தின் பேண்டிட். லினக்ஸ் இயங்குதளத்தின் கட்டளைகளை விளையாட்டாகச் சொல்லித்தரும், ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த கட்டத்தின் கடவுச்சொல் ஒளிந்திருக்கும். அதன் பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் பிகோசிடிஎஃப் என்ற ஹேக்கிங் போட்டி. இரண்டும் இலவசம். நிரலைப் பிரித்துப் படிக்கும் நிலை வந்ததும் கித்ரா என்ற கருவி. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019-இல் இலவசமாக வெளியிட்டது. ஹேக் செய்வதற்கென்றே எழுதப்பட்ட விளையாட்டும் இருக்கிறது, பெயர் பவுன் அட்வென்ச்சர் 3. வேலிக்குள் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் உடைக்கலாம்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் பயப்படாதே. இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இருநூறு கூட இருக்காது.

எனக்கு 45 வயது. கோடிங் தெரியாது. இனிமேல் முடியுமா?

முடியும். சேவ் ஃபைலில் ஓர் எண்ணை மாற்ற கோடிங் தேவையில்லை.

என் பையன் போனில் "இலவச டைமண்ட்" செயலி வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். என்ன செய்வது?

கண்டிப்பாக வேண்டாம். டைமண்ட் என்பது விளையாட்டுக்குள் செலவழிக்கும் பணம். என் அக்கா மகன் அப்படி ஒரு ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு) ஏற்றினான். அது விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியையும் கேட்டது. இரண்டையும் கொடுத்துவிட்டான். இரண்டு வருடம் ஆடிச் சேர்த்த கணக்கு அன்று இரவே போனது. அக்காவின் மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல் என்பதால் அதற்குள்ளும் யாரோ நுழைந்தார்கள். பிள்ளை அதை மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை, அடி விழும் என்ற பயம். இழந்ததைவிட அந்த மூன்று நாள்தான் எனக்கு வருத்தம்.

டைமண்ட் எண்ணிக்கை சர்வரில் இருக்கிறது. போனில் இருக்கும் எந்தச் செயலியாலும் அதைக் கூட்ட முடியாது. மேலே சுவர் ஹேக் பற்றிச் சொன்ன அதே கணக்குதான், இந்த முறை அது உங்கள் பக்கம் நிற்கிறது. பிள்ளையைத் திட்டாமல் இந்தக் காரணத்தை உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வையுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

இதில் வேலை கிடைக்குமா, பணம் வருமா?

வரலாம். ஜிடிஏ ஆன்லைன் என்ற விளையாட்டைத் திறக்க ஆறு நிமிடம் ஆகிறதே என்று பொறுமை இழந்த டோஸ்ட் என்ற புனைபெயர்க்காரர் ஒருவர், நிரலைப் பிரித்துப் பார்த்தார். கடையில் விற்கும் பொருள்களின் 10 எம்பி பட்டியலை அது மிக மோசமான முறையில் படித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பொருளை எடுக்கும்போதும் மீதிப் பட்டியலின் நீளத்தை முதலிலிருந்து அளந்தது. 63,000 பொருள். அவர் சரிசெய்ததும் திறக்கும் நேரம் இரண்டு நிமிடத்துக்குக் கீழே வந்தது. 2021-இல் அந்த விளையாட்டின் ராக்ஸ்டார் நிறுவனம் அந்தத் திருத்தத்தை ஏற்று 10,000 டாலர் கொடுத்தது.

நான் இதை வேலையாக்கிக்கொள்ளவில்லை. பிடித்ததைப் பிடித்ததற்காகச் செய்யும் ஒன்றரை மணி நேரம் எனக்கு வேண்டியிருக்கிறது.

ஒரு விளையாட்டில் காந்தி அணுகுண்டு போடுவாராமே, அதுவும் பைட் பிழையா?

இல்லை. சிவிலைசேஷன் விளையாட்டில் காந்தியின் ஆக்ரோஷம் 1, அதில் 2 கழித்ததும் 255 ஆனது என்று கதை. கேட்க அவ்வளவு பொருத்தமாக இருப்பதால் நானும் பல வருடம் நம்பிப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். விளையாட்டை உருவாக்கிய சிட் மெய்யர் 2020-இல் அப்படி ஒரு பிழை இருக்கவே இல்லை என்று எழுதிவிட்டார்.

இப்போது எதில் மூழ்கியிருக்கிறீர்கள்?

நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கன்சோலான கேம் பாய்க்கு ஒரு சிறு விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். 8 கேபி மெமரி, 160-க்கு 144 புள்ளித் திரை, அவ்வளவுதான். இயந்திரம் தொடங்கியதும் கேசட்டில் நின்டெண்டோவின் சின்னம் சரியாக 48 பைட்டில் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லாவிட்டால் அப்படியே நின்றுவிடும். என் நிரல் அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. ஒரு வௌவால் பறக்கிறது. திரையின் இடது ஓரத்தைத் தாண்டி மறைந்தால், சற்று நேரம் கழித்து வலது ஓரத்திலிருந்து வருகிறது, நான் அப்படி எழுதவே இல்லை. 0-இலிருந்து 1 கழித்தால் 255. திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன், "மாமா, அது அப்படியே இருக்கட்டும், நான் அந்தப் பக்கம் போய் ஒளிஞ்சுக்கிறேன்" என்றான். விட்டுவைத்திருக்கிறேன்.